பூனைகளுக்குக் கொடுத்த தலையெண்ணெய்

அந்த வருசம் எங்கள் மில்லில் எந்தப் பெண்ணின் தலையிலும் எண்ணெய் கிடையாது. மார்கழிக் காற்றில் முடி பஞ்சு மாதிரி பறக்கும். ரோட்டில் போகிறவர்கள் ஏதோ விரதம் என்று நினைத்தார்கள். விரதமில்லை. எண்ணெய் பூனைகளுக்குப் போனது.

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற ரோட்டில் இருந்தது அந்த ஜவ்வரிசி மில். எழுபதுகளின் கடைசி. நான் அங்கே கிழங்குத் தோல் உரித்தேன். மூன்றாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. கத்தி பிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை.

விடிந்ததும் வண்டி வண்டியாகக் குச்சிக்கிழங்கு, மரவள்ளிதான், வந்து இறங்கும். நாங்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து உரிப்போம். உரித்தது அரைக்கப் போகும். பால் தொட்டியில் தெளியும். அடியில் தங்கின மாவு உருண்டையாகி, வறுபட்டு, களத்தில் காயும். மத்தியானம் களத்தைப் பார்த்தால் கண் கூசும். அத்தனை வெள்ளை. காற்றில் எப்போதும் ஒரு புளிப்பு வாசம். முதல் நாள் வாந்தி வந்தது. பிறகு அந்த வாசம் இல்லாவிட்டால் தூக்கம் வரவில்லை.

காய்ந்த ஜவ்வரிசி மூட்டைகளைக் குடோனில் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டு அடுக்குவார்கள். அட்டி இருந்தால் எலி இருக்கும். எலி இருந்ததால் பூனைகள் வந்தன. யாரும் கொண்டுவந்து விடவில்லை. அவையாக வந்தன, அட்டிச் சந்தில் குட்டி போட்டன, தங்கிவிட்டன. ஒன்றையும் தொட முடியாது. கை நீட்டினால் சீறும்.

மத்தியானம் மட்டும் வரும். சோறு கொண்டுபோகிற தூக்குப்போசி மூடியை விரலால் தட்டினால் போதும், அட்டிகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப்பார்க்கும்.

மற்ற பெண்கள் சொந்தக்காரர்களோடு கூட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நான் குடோன் வாசலில் உட்காருவேன். எனக்கு ஊட்டில் யாருமில்லை. கட்டினவர் லாரியில் போனார். வடக்கே எங்கேயோ இன்னொரு குடும்பம் ஆகிவிட்டது. நான் போய்த் தேடவில்லை. நாளுக்கு ஒரு வேளைச் சோறாவது துணையோடு சாப்பிட்டேன் என்றால், அது அந்தப் பூனைகளோடுதான்.

அந்த வருசம் ஐப்பசியில் அவைகளுக்குச் சொறி வந்தது. முதலில் காது ஓரம் உதிர்ந்தது. பிறகு முகமெல்லாம் பொரிந்து சாம்பல் அப்பின மாதிரி ஆனது. சொறிந்து சொறிந்து ரத்தம் வந்தது. மூட்டை தூக்குகிற ஆட்களுக்கும் கையில் அரிப்பு வந்தது.

மொதலாளி கெட்டவரில்லை. தீபாவளிக்குத் தவறாமல் சேலை எடுத்துக் கொடுப்பார். ஆனால் பூனை என்றால் ஆகாது. அவர் காருக்கு முன்னால் ஒரு பூனை குறுக்கே போய்விட்டால் வண்டியை நிறுத்தச் சொல்வார். இறங்கித் தண்ணீர் குடிப்பார். வேறு யாராவது அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகுதான் கிளம்புவார். அரிப்புச் சமாச்சாரம் காதுக்குப் போனதும் குடோனுக்கு வந்தார்.

"பூனைக்குச் சொறின்னா அதோட போவட்டும். ஆளுகளுக்கும் ஒட்டுதாமே? பொங்கலுக்குள்ள சரியாவோணும். இல்லீன்னா எல்லாத்தையும் சாக்குல கட்டி வேலூர்ப் பாலம் தாண்டி அக்கட்ட விட்டுட்டு வந்துருங்க."

பரமத்தி வேலூரில் காவேரிப் பாலம் இருக்கிறது. ஆற்றைத் தாண்டிவிட்டால் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்பார்கள். கொல்லச் சொல்லவில்லை அவர். பூனையைக் கொன்றால் காசிக்குப் போய்த் தங்கத்தில் பூனை செய்து கொடுக்க வேண்டும். அந்தப் பயம் அவருக்கும் உண்டு. ஆனால் முகமெல்லாம் பொரிந்த பூனை அக்கரையில் எத்தனை நாள் கிடக்கும் என்று எனக்குத் தெரியும்.

என் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கிற அக்கா ஒருத்தி. சொந்தமில்லை. வயதில் மூத்தவள். ஊட்டில் ஆடு வைத்திருந்தாள். அவள் கத்தி நின்றாலும் வாய் நிற்காது.

"ஏன் அம்மிணி, இதுக்குப் போயி மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு. ஆட்டுக்குச் சொறி வந்தா என்ன பண்றோம்? இஞ்சின்ல கழிச்ச ஆயிலப் பூசறோம். பொருக்கு உதுந்து போவுது. ஆடென்ன, பூனையென்ன? ரெண்டுக்கும் நாலு காலுதான்."

இஞ்சின் ரூமில் கழிவு ஆயில் வாங்கிவந்தாள். கொதிகலன் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு செவலைப் பூனை எழ முடியாமல் கிடந்தது. அதற்குத் தலையிலிருந்து வால் வரைக்கும் பூசிவிட்டாள்.

ஆடு தன்னை நக்காது. பூனை நக்கும். ஆடு மாடு வளர்த்தே பழகின எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. அந்தச் செவலை சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டே இருந்தது. காலையில், மாவெடுத்த கிழங்குச் சக்கையான திப்பிக் குவியல் பக்கத்தில் விறைத்துக் கிடந்தது.

அக்காதான் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினாள். அன்றைக்கு முழுக்கக் கிழங்கு உரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வேலை விட்டுப் போகும்போது சொன்னாள்.

"தங்கத்துல பூனை செய்யோணுமாமா. என்ற தாலியே மஞ்சக் கயிறுதான். நான் எங்கிட்டுப் போவேன்?"

"தங்கம் வேண்டாங்க்கா. மிச்சமிருக்கறதக் காப்பாத்துனாப் போதும்."

"எப்பிடி?"

"நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போலாம்."

"பேரே மாட்டாஸ்பத்திரி. பூனையத் தூக்கிட்டுப் போனா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க."

லீவு நாளில் கிளம்பினோம். ஓட முடியாமல் கிடந்த ஒரு சாம்பல் பூனையைக் கோழி மூடுகிற கூடையில் போட்டு, மேலே துணி கட்டினோம். பஸ்ஸில் ஏறும்வரைக்கும் அது சத்தமில்லாமல் இருந்தது. கண்டக்டர், "கோழியா?" என்று கேட்டதும் கத்தியது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்க, எறங்குங்க மொதல்ல. பூனை குறுக்க போனாலே வண்டிய நிறுத்தறவன் நானு. இங்க பூனையே வண்டிக்குள்ளாற ஏறி உக்காந்திருக்குது!"

அக்கா கூடையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"குறுக்க போனாத்தானுங்க ஆவாது. இது கூடவே வருது. நீங்க எப்பிடி நேராப் போறீங்களோ அப்பிடித்தான் அதும் நேரா வருது."

பஸ் முழுக்கச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "நாயந்தானுங்க, எடுங்க வண்டிய," என்றார். டிரைவர் முன்னால் இருந்த சாமி படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வண்டி கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் புங்கமரத்தடியில் மாடுகள் நின்றன. ஆடுகள் நின்றன. ஒரு கோழிப்பண்ணைக்காரர் செத்த கோழிகளைச் சாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் கூடையில் என்ன என்று தெரிந்ததும் பேச்சு கிளம்பியது. கால் நொண்டுகிற காளையைப் பிடித்திருந்த ஒருவர் கேட்டார்:

"ஏனுங்கம்மிணி, மூக்கணாங்கயிறு போட்டாச்சுங்களா?"

"இன்னும் பல்லு போடலீங்க," என்றாள் அக்கா. "போட்டதும் உங்க காளைக்குச் சோடியாக் கட்டிக்கலாம். அதாச்சும் நொண்டாம வரும்."

அவர் காளையை வேறு நிழலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் சின்ன வயது. தெற்கத்திக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. துணியை விலக்கிப் பார்த்தார்.

"யார் வீட்டுப் பூனைம்மா?"

"யாரூட்டுதும் இல்லீங்க. மில்லுல கெடக்குது," என்றேன்.

"எத்தனை இருக்கு?"

"நின்னாத்தானுங்க எண்ணறதுக்கு."

சிரித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். இங்கே வருகிறது மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்குமான மருந்து. பூனைக்கென்று எதுவும் வருவதில்லை. சேலத்தில் நாய்க்கெல்லாம் ஊசி போடுகிற தனி டாக்டர் உண்டு. ஒரு பூனையென்றால் போகலாம். ஒரு கூட்டத்துக்கே காசு கொடுத்துப் போட எங்களால் முடியாது.

"முடியாதுங்க," என்றேன்.

எழுந்து வர வேண்டியதுதான். நான் எழவில்லை. கூடையும் என் காலடியில் இருந்தது. அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஊசி இல்லாமலும் சொறி போகும். ஆனா மெனக்கெடணும். மெனக்கெடுவீங்களா?"

"அது ஒண்ணுதானுங்க எங்ககிட்ட இருக்குது."

நாட்டுமருந்துக் கடையில் கந்தகம் வாங்கி மாவாகப் பொடித்துத் தேங்காயெண்ணெயில் குழைக்க வேண்டும். பொரிந்த இடத்தில் தடவ வேண்டும். கொஞ்சம் நக்கினாலும் பரவாயில்லை. "இஞ்சின் ஆயில் மட்டும் போட்டுறாதீங்க, செத்துப்போகும்," என்றார். அக்கா தரையைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் ஒரே நாள்ல பூசணும். ஒரே ஒரு பூனை தப்பிச்சாலும் அதுகிட்டேருந்து எல்லாத்துக்கும் திரும்பி ஒட்டும். வாரத்துக்கு ஒரு தடவை, மூணு வாரம். படுக்கிற சாக்கைக் கொளுத்திருங்க."

மாட்டுக்கு வைத்திருந்த கந்தகக் களிம்பில் கொஞ்சம் எடுத்து, சாம்பல் பூனையின் காதில் தடவி எப்படி என்று காட்டினார். அதன் கால்நகம் அவர் கையைக் கீறியது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். எங்களிடம் காசு எதுவும் வாங்கவில்லை.

கந்தகம் வாங்கிவிட்டோம். எண்ணெய்க்குத்தான் வழியில்லை. மறுநாள் மத்தியானம் அக்கா எழுந்து நின்று சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைக்கு ஆளுக்கு ஒரு கையி எண்ண கொண்டாரோணும். தலைக்கு வெக்கறத வெக்காமக் கொண்டாங்க."

"பூனைக்கா? என்ற ஊட்டுக்காரர் கேட்டா என்ன சொல்றது?" என்றாள் ஒருத்தி.

"உன்ற ஊட்டுக்காரர் என்னைக்கு உன்ற தலையப் பாத்தாரு?"

சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் மறுநாள் எண்ணெய் வந்தது. சின்னப் புட்டியில், கொட்டாங்குச்சியில், குழந்தை மருந்துக் குப்பியில். வேப்பெண்ணெய் கலந்தது ஒன்று, செம்பருத்தி காய்ச்சினது ஒன்று. எல்லாவற்றையும் ஒரு சட்டியில் ஊற்றினோம்.

பிடிப்பதுதான் பாடு. தொட விடாத பூனையை எப்படிப் பிடிப்பது? ஒன்று நான் கவனித்திருந்தேன். காலிச் சாக்கைத் தரையில் போட்டால் பூனை உள்ளே நுழையாமல் இருக்காது. சாக்கின் மூலையில் தையலைக் கொஞ்சம் பிரித்து, ஓட்டைக்கு வெளியே கருவாட்டுத் தலையை வைத்தேன். பூனை சாக்குக்குள் நுழைந்து, வாசம் பிடித்து மூலைக்குப் போய், ஓட்டை வழியாகத் தலையை நீட்டும். பின்னால் சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டால் நாலு காலும் உள்ளே, தலை மட்டும் வெளியே. சொறி பூராவும் தலையில்தான். அக்கா கந்தக எண்ணெயை அப்பிவிடுவாள்.

பூனையைக் கட்டி அனுப்ப வைத்திருந்த அதே சாக்குகள்தான்.

ஓட்டைக்குள்ளிருந்து மஞ்சள் பூசின முகங்கள் எங்களை முறைத்துப் பார்க்கும். "கல்யாணப் பொண்ணுக்கு நலங்கு வெச்ச மாதிரி இருக்குது," என்பாள் அக்கா. பெண்கள் கத்தியைப் போட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

எல்லாம் மாட்டியது. ஒன்று மாட்டவில்லை.

வெள்ளையில் கறுப்புத் திட்டுப் போட்ட கிழட்டுப் பூனை. கிழவி என்றுதான் சொல்வோம். மில் பூனைகளில் பாதிக்கு அவள்தான் தாய். சாக்கைச் சுற்றி வருவாள், கருவாட்டை வெளியிலிருந்தே இழுத்துக்கொண்டு போய்விடுவாள். முதல் வாரம் அப்படிப் போனது. அடுத்த வாரமும் போனது. மற்றதற்கெல்லாம் காதில் புதுமுடி முளைத்தது. ஆனால் அவள் வயிற்றை ஒட்டிப் படுக்கிற குட்டிக்குத் திரும்பவும் பொரிந்தது. டாக்டர் சொன்னது சரிதான்.

மொதலாளி வந்தார். "என்னாச்சு?"

"பாதிக்கு மேல தேறிருச்சுங்க," என்றாள் அக்கா.

"பாதி தேறி என்ன பண்றது? மார்கழி பொறந்தாச்சு. ஒண்ணு எல்லாம் தேறோணும், இல்ல எல்லாம் போவோணும்."

நான் மத்தியானம் போசியை எடுத்துக்கொண்டு கிழவி படுக்கிற அட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார ஆரம்பித்தேன். பேசமாட்டேன். மூடியைத் தட்டுவேன். அவள் மேலிருந்து பார்ப்பாள். சோற்றை வைத்துவிட்டு வந்துவிடுவேன். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் என் பக்கமாக வைப்பேன்.

ஒரு நாள் தட்டினேன். அவள் தலையைத் தூக்கினாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கண்ணும் பொருக்கால் மூடிக்கொண்டிருந்தன. சத்தம் வருகிற பக்கம் மூக்கைத் திருப்பினாள். நான் விடாமல் தட்டினேன். மெதுவாக இறங்கினாள். ஒவ்வொரு மூட்டையாகக் காலால் தடவித் தடவி இறங்கினாள். என் மடியில் சாக்கு விரித்துச் சோறு வைத்திருந்தேன். ஏறி நின்று தின்ன ஆரம்பித்தாள்.

முந்தானையைப் போட்டு மூடினேன். கட்டைவிரலைக் கவ்வினாள். நான் விடவில்லை, அவளும் விடவில்லை. அக்கா சட்டியோடு ஓடிவந்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

கையில் தூக்கினேன். காலிப் போசி அளவுதான் கனம்.

விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. ஊட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூடைக்குள் வைத்தேன். மற்றதற்கெல்லாம் மில்லில் அக்கா முதலிலிருந்து பூசினாள். எண்ணெய் திரும்பவும் வந்தது. யாரும் மூஞ்சியைச் சுளிக்கவில்லை.

அந்த நாட்களில் வேலை முடிந்து ஊட்டுக்குப் போனால் உள்ளே ஒரு சத்தம் இருந்தது. கதவைத் திறந்ததும் சீறுவாள். "வந்துட்டேன், இரு," என்பேன். அப்படிச் சொல்லி எத்தனையோ காலமாகியிருந்தது. வெந்நீரில் துணி நனைத்துக் கண்ணைத் துடைப்பேன். ஒரு கண் திறந்தது, பிறகு இன்னொன்று. என்னை நன்றாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் சீறினாள். பழகவில்லை. அதில் எனக்குக் குறையுமில்லை.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு அன்றைக்குக் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனேன். பெண்கள் வாசலில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடையைத் திறந்தேன். அவள் திரும்பிப் பார்க்காமல் குடோனைப் பார்த்து ஓடினாள்.

அந்த நேரத்தில் கேட்டுக்குள் கார் நுழைந்தது. கிழவி நேராக அதற்கு முன்னால் குறுக்கே போனாள்.

கார் நின்றது. இஞ்சினும் நின்றது. வேப்பிலை கட்டின கைகள் அப்படியே நின்றன. மொதலாளி கதவைத் திறந்து இறங்கினார்.  எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"குறுக்க போவலீங்க. அது வேலைக்குப் போவுதுங்க. சீக்காக் கெடந்துச்சு, லீவுல இருந்துச்சு. இன்னைக்குத்தான் வேலைக்கு வந்துருக்குது."

மொதலாளி குடோன் பக்கம் பார்த்தார். கிழவி வாசலில் நின்று காதைச் சொறியாமல், முகத்தைச் சொறியாமல், பின்னங்காலை நீட்டி நக்கிக்கொண்டிருந்தாள். மற்ற பூனைகளும் அட்டிமேல் வெயிலில் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு எங்கள் வறண்ட தலைகளைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, அப்ப இதுகளுக்கும் தீவாளிக்குச் சேலை எடுக்கோணுமா?"

"எண்ண மட்டும் குடுத்தாப் போதுங்க. பூனைக்கில்ல, எங்களுக்கு," என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். தண்ணீர் குடிக்கவில்லை. காரில் ஏறி அதே இடத்தைத் தாண்டி உள்ளே போனார். பொங்கல் கழிந்து வேலைக்கு வந்தபோது, கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணெய் டின் இருந்தது. சாக்குப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கிழவி மறுபடியும் என் பக்கம் வரவில்லை. போசியைத் தட்டினால் மற்றவை வரும். அவள் மேலேயே இருந்து பார்ப்பாள். நான் அவளுக்கென்று ஒரு பிடியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்துகொள்வேன்.

மாசி கடைசியில் லோடு ஏற்ற லாரி வந்தது. கிழவி சுவரோரத்து அட்டியின் சந்தில் குட்டி போட்டிருந்தாள். கடைசிக் குட்டிகள் அவைதான். மூட்டை தூக்குகிறவர்கள் அந்த அட்டியில் கை வைக்கப் போனார்கள். உள்ளேயிருந்து சீறல் வந்தது. குடோன் வாசலில் நின்றிருந்த மொதலாளி கையைக் காட்டினார்.

"அத விடுங்க சாமி. கடைசியா எடுத்துக்கலாம்."

அந்த அட்டிதான் அந்த வருசம் முதலில் அடுக்கினது, முதலில் போக வேண்டியது. அது சித்திரையில்தான் லாரி ஏறியது.